கீழ் வரிசையில் இரண்டு

ஆகஸ்ட் 19

ஆறுமுகம் தாத்தா போய்விட்டார். செத்துப் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே ஒரு கிளினிக்கில் நாலு நாளில் பல்செட் கட்டிப் போட்டுக்கொண்டாராம். போனில் அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார். "நீயும் நல்லாத்தான் பண்ணுன சாமி. ஆனா நீ வாரத்துக்கு ஒருக்கா வரச் சொல்ற. எனக்குக் கறி திங்கோணுமல்ல?"

அவர் வாயை நான் மூன்று வாரமாக அளந்துகொண்டிருந்தேன். மேல் அச்சு, கீழ் அச்சு, மெழுகு வரம்பு எல்லாம் முடித்து, பல் அடுக்குவதற்கு உட்கார்ந்திருந்தேன். இப்போது அத்தனையும் குப்பை. ஒருவர் வாயில் ஆரம்பித்ததை இன்னொருவர் வாயில் முடிக்க முடியாது. முதலிலிருந்துதான்.

பல் மருத்துவ இறுதியாண்டில் ஆளாளுக்கு இத்தனை கேஸ் முடிக்க வேண்டும் என்று ஒரு கோட்டா. அதில் எனக்கு மிச்சம் இரண்டே விஷயம். பல் பிடுங்குவது இன்னும் இரண்டு. முழுப் பல்செட் ஒன்று. பிடுங்குவது பிரச்சினை இல்லை, ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். முழுப் பல்செட்டுக்கு மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லாத ஆள் வேண்டும். ஏழெட்டுத் தடவை சலிக்காமல் வரும் ஆளாகவும் இருக்க வேண்டும். நவம்பர் முப்பதுக்குள் முடிக்கவில்லை என்றால் டிசம்பர் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். ஆறு மாதம் போய்விடும்.

ஆகஸ்ட் 23

இன்று கிருபாவோடு சந்தைக்குப் போனேன். கிருபா என் அறைத்தோழி, எல்லாக் கோட்டாவையும் ஜூலையிலேயே முடித்துவிட்ட புண்ணியவதி. அவள் கத்தரிக்காய் வாங்கினாள். நான் வாய்களைப் பார்த்தேன்.

நாலரை வருஷத்தில் இந்தப் படிப்பு என்னை இப்படி ஆக்கியிருக்கிறது. பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால் எட்டிப் பார்க்கிறேன். பொக்கை வாயோடு யாராவது சிரித்தால் எனக்கு நெஞ்சு குளிர்கிறது. இன்று வெங்காயக் கடைக்காரரிடம், "ஐயா, உங்களுக்குக் கீழ்ப் பல் இருக்கா?" என்று கேட்டே விட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "வெங்காயம் வேணுமா வேண்டாமா?" என்றார்.

கிருபா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 24

ஈறு வைத்தியம் பார்க்கும் பீரியோ டிபார்ட்மெண்டில் எட்டு மணிக்குத் தேர்வு. பத்திலிருந்து ஒரு மணி வரை கிளினிக். அப்புறம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக்காக இரண்டு மாடி ஏறி இறங்கினேன். கையெழுத்துப் போட வேண்டியவர் கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்கிறார். சாப்பிடவில்லை. இடுப்பு விட்டுப் போகிறது.

அம்மா நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள். "மக்ளே, சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 28

கிடைத்துவிட்டார். ஏறக்குறைய.

பெயர் பாவாயி. ஐம்பத்தாறு வயது. பக்கத்து ஊர் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றுகிறவர். பல்வலியோடு வந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக வந்து ஓ.பி. ஹாலில் உட்கார்ந்திருந்தார். பேசும்போது பார்த்தேன். மேலே ஒரு பல்லும் இல்லை, சுத்தம். ஈறு வியாதியில் ஒவ்வொன்றாகப் போய்விட்டதாம். கீழே மட்டும் இரண்டு கோரைப்பற்கள், நாங்கள் கேனைன் என்பது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

"பல்செட் கட்டிக்கிறீங்களாம்மா? இங்க இலவசம்."

"இத்தன வயசுக்குப் பொறவு எனக்கு எதுக்குங்க டாக்டரம்மா? இந்த ரெண்டை வெச்சே கொய்யாப்பழத்தச் சுரண்டித் தின்னுபோடுவேன்." அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டார், "தை மாசம் பேத்திக்குக் காது குத்து. போட்டாவுல பல்லோட நிக்கலாமுங்களா?"

நிற்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 30

வசுந்தரா மேம்தான் பல்செட் பிரிவில் எங்கள் பேராசிரியை. பொதுவாகக் கேட்பதுபோல அவரிடம் கேட்டேன், கீழே இரண்டு பல் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று. "ஸ்ட்ராங்கா இருந்தா விட்டுடணும். அதை வச்சுத்தான் கீழ் செட் நிக்கும். அந்த மாதிரி கேஸ் பிஜி ஸ்டூடண்ட்ஸுக்கு அனுப்பிடுங்க, உங்க கோட்டாவுல வராது" என்றார். "ஆடுச்சுன்னா?" என்றேன். "ஆடுச்சுன்னா எடுத்துட வேண்டியதுதான்."

பாவாயியம்மாவின் பல்லை நான் இன்னும் சரியாகச் சோதிக்கவில்லை. ஈறு வியாதியில் மற்றதெல்லாம் போனவருக்கு இது மட்டும் எப்படி உறுதியாக இருக்கும்?

செப்டம்பர் 2

பாவாயியம்மா வந்தார். வாய் பார்க்கும் கண்ணாடியின் பிடியை ஒரு பக்கமும் விரலை ஒரு பக்கமும் வைத்து அசைத்துப் பார்த்தேன். லேசாக ஆடிய மாதிரி இருந்தது. வலது பக்கம் நிச்சயமாக.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கேஸ் ஷீட்டில் எழுதினேன்: தளர்வு, இரண்டாம் நிலை, இரண்டு பல்லும். எடுக்கப் பரிந்துரை.

கிருபா பக்கத்து நாற்காலியில் வேலையாக இருந்தாள். எட்டிப் பார்த்து ஒருமுறை தொட்டுவிட்டு, "எதுடி ஆடுது?" என்றாள். அவளுக்கு எதிலும் சந்தேகம்.

"எடுத்தறலாமாம்மா?" என்று பாவாயியம்மாவைக் கேட்டேன். "ஆடுது, வச்சிருந்தா செட்டு சரியா உக்காராது."

அவர் நாக்கால் அந்த இரண்டையும் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஆடுதுங்களா?" என்றார். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பா-வா-யி. மூன்று எழுத்துக்கு அவ்வளவு நேரம்.

செப்டம்பர் 4

அறுவைப் பிரிவில் தியாகு சார் பொறுப்பு. நாற்பது நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். சார் மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டே நின்றபடி ஷீட்டை வாங்கினார். "மொபைலா?" என்றார், ஆடுகிற பல்லா என்று. "ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் பல்லுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இரண்டாவதற்கு அதற்கும் மேல். என் மணிக்கட்டு விட்டுப்போய் ஒரு சீனியர் வந்து கை கொடுத்தார். சிலருக்கு எலும்பு கெட்டி. அவர் தறிப்பட்டறையில் உழைத்த உடம்பு.

பாவாயியம்மா ஒரு சத்தம் போடவில்லை. முடிந்ததும் பஞ்சைக் கடித்தபடியே என் நெற்றியைப் பார்த்து, சேலைத் தலைப்பை எடுத்து என் வியர்வையைத் துடைத்துவிட்டார். பேச முடியாததால் கையாலேயே, நீ உட்கார் என்றார்.

பிடுங்கும் கோட்டா முடிந்தது.

செப்டம்பர் 5

மூன்றாம் வருஷப் பெண்கள் வேர் சிகிச்சை பழக நல்ல பல் கேட்டு அலைகிறார்கள். நாங்களும் அப்படி அலைந்தவர்கள்தான். நேற்றுப் பிடுங்கிப் பாட்டிலில் போட்ட இரண்டையும் ஒருத்தியிடம் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எவ்ளோ நீள வேருக்கா. ஒரு சொத்தையும் இல்ல. இவ்ளோ நல்ல பல் எங்கக்கா கெடச்சுது?"

பேஷண்ட்டோடது என்றேன். வேறு என்ன சொல்வது?

செப்டம்பர் 18

புண் நன்றாக ஆறிவருகிறது. பிடுங்கிய நாளிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை அவருக்குக் கஞ்சியும் களியும்தான். "பழகிப்போச்சுங்க" என்றார்.

என்னை இப்போது 'டாக்டரம்மா' என்பதில்லை, அம்முணி என்கிறார். வாயைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறார். "காத்தால தின்னியா அம்முணி? பொய் சொல்லாத."

அக்டோபர் 3

செய்முறைத் தேர்வுக்கு ஒத்திகை. மெழுகில் பல் அடுக்கியதில் மேல் நடுக்கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிவிட்டது. மேம் ஸ்பேச்சுலாவால் மொத்த வரிசையையும் தட்டிவிட்டார். "மறுபடியும்." நான்கு மணி நேர வேலை. எங்கள் பேட்ச் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இதேதான். சுதர்சன் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதான். அவனைச் சமாதானப்படுத்த எங்களுக்கு நேரம் இல்லை. அடுத்த கிளினிக் ஆரம்பித்துவிட்டது.

அக்டோபர் 17

முதல் அச்சு எடுத்தேன். அச்சுப் பொருளை வாயில் வைத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுச் சமாளித்தார். கீழ் வரம்பு தட்டையாக இருக்கிறது. ஈறு வியாதியில் எலும்பு கரைந்துபோயிருக்கிறது. அந்த இரண்டு பல் இருந்த இடத்தில் மட்டும் எலும்பு மேடாக, நன்றாக இருக்கிறது.

அதை ஷீட்டில் குறிக்கவில்லை. குறிக்கச் சொல்லி எங்கும் கட்டம் இல்லை.

அக்டோபர் 29

இறுதி அச்சு. அச்சுப் பசையின் கிராம்பு வாசம் கை முழுக்க. தலைமுடியில் பிளாஸ்டர். மெஸ்ஸில் என்னைப் பார்த்து, "பொங்கலுக்கு வெள்ளையடிக்கறீங்களாம்மா?" என்றார் சமையல்காரர்.

நவம்பர் 7

தாடை அளவு எடுத்தேன். மூன்று தடவை தப்பு. ஒவ்வொரு தடவையும் மேம் "மறுபடி" என்றார். பாவாயியம்மா பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவர். முழுநாள் ஆகிவிட்டது. "ஓனர் வஞ்சாப் போவுது போ. உன்ற வேலையப் பாரு அம்முணி."

நான்காவது தடவை சரியாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நவம்பர் 16

மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கம்மா மாதிரி இருக்கறேன்" என்றார். பிறகு, "அவுங்க சாவற வரைக்கும் பல்லு இருந்துச்சு" என்றார்.

நவம்பர் 26

செட்டை மாட்டினேன். மேல் செட் அட்டகாசம். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. வசுந்தரா மேமே, "குட்" என்றார். மேம் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

கீழ் செட் கொஞ்சம் தூக்குகிறது. மேம் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "லோயர் இப்படித்தான் இருக்கும். இந்தம்மாவுக்கு எலும்பு ரிட்ஜே இல்ல. ரெண்டு கேனைன் இருந்திருந்தா பிடிப்பு கெடச்சிருக்கும். ஆடுனதுன்னா என்ன பண்றது" என்றார்.

"ஆமா மேம்."

கையெழுத்து. கோட்டா முடிந்தது. நான்கு நாள் மிச்சம். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஸ்தோத்திரம் மக்ளே" என்றாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. நான் ஏன் கூட அழவில்லை என்று தெரியவில்லை.

டிசம்பர் 2

கீழ் செட் உரசிப் புண். ராவிக் கொடுத்தேன்.

டிசம்பர் 5

மறுபடியும் புண், இந்த முறை மறுபக்கம். "தண்ணி குடிச்சா மெதக்குதுங்க அம்முணி. என்ற தாடதான் சரியில்லை போல. நீ என்ன பண்ணுவ?" என்றார்.

பழகப் பழகச் சரியாகும் என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

டிசம்பர் 11

பல்செட் பிரிவில் பரீட்சை. முடித்த கேஸ் ஒன்றை நோயாளியோடு வெளித் தேர்வாளரிடம் காட்ட வேண்டும். பாவாயியம்மா ஏழு மணிக்கே வந்துவிட்டார், பச்சைச் சேலையும் பூவுமாக.

தேர்வாளர் சன்னமான குரல் உடையவர். மேல் செட்டைப் பார்த்தார், தலையசைத்தார். கீழ் செட்டைப் பார்த்தார். அப்புறம் ஃபைலைப் புரட்டி எக்ஸ்ரேவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நிறைய நேரம் பிடித்திருந்தார்.

"இந்த ரெண்டு கேனைனைச் சுத்தி எலும்பு நல்லாத்தானே இருக்கு. ஏன் எடுத்தீங்க?"

ஷீட்டில் இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறது, அதைச் சொன்னால் போதும். எக்ஸ்ரே அப்படிச் சொல்லவில்லை. நான் எதுவும் சொல்வதற்கு முன் நாற்காலியிலிருந்து பாவாயியம்மாவின் குரல் வந்தது.

"நாந்தானுங்க எடுத்துறச் சொன்னேன். நோவு தாங்க முடியல. இந்தப் புள்ள வேண்டாம்னுதான் சொல்லுச்சு, நாந்தான் ஒத்தக்கால்ல நின்னேன்."

தேர்வாளர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேஷண்ட் கேட்டாலும் நாமதான் புரிய வைக்கணும்" என்றார். "சரி, அடுத்து."

நான் எக்ஸ்ரேவை வாங்கி ஃபைலுக்குள் வைத்து மூடினேன்.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "உன்ற மூஞ்சி அப்படியே வெளுத்துப்போச்சு. பாக்க முடியல" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தார்.

டிசம்பர் 12

இன்று படிக்க வேண்டியது நிறைய. படித்தேன்.

டிசம்பர் 13

தளர்வைச் சோதிப்பது கையால் உணர்வது. ஒருவர் கைக்கும் இன்னொருவர் கைக்கும் வித்தியாசம் வரும். புத்தகத்திலேயே இருக்கிறது.

டிசம்பர் 20

கடைசிப் பரீட்சையும் முடிந்தது. எல்லோரும் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேலே எறிந்தார்கள். என்னையும் போட்டோவில் இழுத்து நிறுத்தினார்கள். கிருபா மட்டும், "உனக்கு என்னடி?" என்றாள். தூக்கம் என்றேன்.

ஜனவரி 6

பாஸ். எல்லாப் பாடத்திலும். பல்செட்டில்தான் அதிக மார்க்.

ஜனவரி 9

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

பாவாயியம்மாவைச் செட் சோதிக்க வரச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு வந்தார், கையில் ஒரு தூக்குப்போசி. நான் பாஸ் செய்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நேத்து பட்டறை லீவு. உனக்குன்னு முறுக்குச் சுட்டேன் அம்முணி."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து திறந்தோம். பட்டறையில் அவரோடு வேலை செய்யும் பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார். கிருபாவைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தார். நல்ல முறுக்கு. கரகரவென்று இருந்தது. நான் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு ஆவாதுங்கண்ணு. கடிச்சாக் கீழ் செட்டு எகிறிப்போவுது. மாவ நாக்குல வெச்சு உப்புப் பாத்தேன், அது போதும்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. போசி மூடியை மூடிக்கொண்டே சும்மா சொன்னார். நீட்டிய முறுக்கு என் கையிலேயே இருந்தது.

அவரை மட்டும் தனியாக வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துவிட்டுப் போகவில்லை. "அம்மா, அந்த ரெண்டு பல்லும் ஆடல. ஆடாத பல்ல ஆடுதுன்னு எழுதி எடுத்துட்டேன். அது இருந்திருந்தா கீழ் செட்டு இப்படி ஆகியிருக்காது. ஒரு பல்லும் இல்லாத கேஸ் எனக்கு வேணும்னுதான் எடுத்தேன்" என்றேன்.

அவர் புரியாமல் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். புரிந்துதான் இருந்தது.

"ஆடலைன்னு எனக்குத் தெரியுமுங்களே" என்றார். "என்ற வாயில இருந்தது எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க ஆடுதுன்னீங்க. படிச்சவங்க கைக்கு எதோ தெரியுது போல, நமக்குத்தான் தெரியலைன்னு இருந்தேன்."

"அப்ப அன்னிக்குப் பரீட்சையில..."

"அந்தாளு கேட்டாரு, நீங்க பேசாம நின்னீங்க. செரி, எதோ கைத்தப்பு நடந்துபோச்சு, பாவம் பொட்டப்புள்ளன்னு சொன்னேன். வேணும்னு பண்ணுனதுன்னு நெனைக்கல."

மன்னிப்புக் கேட்டேன். காலைத் தொடக் குனிந்தேன். அவர் நகர்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் பட்டறைப் பெண் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்க. 'எனக்குப் பரீட்சை இருக்குது, உங்க பல்லு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, ஆனா எனக்கு வேணும், குடுங்க'ன்னு கேட்டிருந்தா நான் குடுத்தாலும் குடுத்திருப்பேன். வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அது என்ற இஷ்டம். கேக்காம எடுத்துப்போட்டீங்களே."

போசியை எடுக்காமலேயே கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், பட்டறைப் பெண்ணோடு ரோட்டைத் தாண்டிப் போனார்.

திங்கட்கிழமை வசுந்தரா மேமிடம் போய்ச் சொல்லப் போகிறேன். கேஸ் ஷீட்டில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்று. பட்டம் என்ன ஆகும், தெரியவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. அந்த எலும்பு மேட்டில் ஊன்றி ஏதாவது வைத்துக் கீழ் செட்டை நிறுத்த முடியுமா என்றும் மேமைக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் பாவாயியம்மா வருவாரா என்று அவரைக் கேட்க வேண்டும்.

ஆகஸ்டிலிருந்து இந்த நோட்டைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். கோட்டாவை எப்படி முடிப்பது என்று எத்தனை வழி யோசித்திருக்கிறேன். அவரிடம் கேட்கலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.